தோல் நிறம் எண்டு ஒரு டப்பா இல்லை

சாட்டியில் நாங்கள் மார்கழிக்கு எடுத்து வைக்கிற பாலன் குடில் செட்டில் பதின்மூன்று பிளாஸ்ரிக் உருவங்கள். மாடு, கழுதை, ஆடு, ஒட்டகம் போக ஆட்கள் ஒன்பது பேர். அதில் எட்டுப் பேர் றோஸ் நிறம். மிச்சம் ஒராள், மூன்று இராசாக்களில் கடைசியாள், தார் ஊத்தினமாதிரிக் கறுப்பு. கண்ணுக்கு ரெண்டு வெள்ளைப் புள்ளி. எங்கட ஊர் நிறத்தில ஆட்கள் ஒருத்தரும் இல்லை. மாட்டைத் தவிர. மாடு நல்ல மண்ணிறம்.

நாங்கள் எண்டால் ஆறு பேர். மூன்று பேர் வேதம், மூன்று பேர் சைவம். கனடாவிலிருந்து பார்சலில் வந்த சுப்பர்ஹீரோ பொம்மைகளுக்கு நிறம் மாத்திப் பூசிப் பழகின கைகள். பூசி முடித்து விக்கிற பொம்மையைத் திரும்பப் பூசுவது உலகத்தில் பெரிய பொழுதுபோக்கு. 2003இல் விசார்ட்ஸ் ஒஃப் த கோஸ்ட் நிறுவனம் 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' விளையாட்டுக்கு நிறம் பூசின சின்ன உருவங்களைப் பெட்டியில் அடைத்து விக்கத் தொடங்கியது. வாங்கினவர்களில் கனபேர் அந்த நிறத்தை மதிக்காமல் தாங்களே பூசினார்கள். 2015இல் தாஸ்மேனியாவில் சோனியா சிங் என்ற பெண் பழைய பிராட்ஸ் பொம்மைகளின் மேக்கப்பை அழித்து, சாதாரணப் பிள்ளைகளின் முகம் வரைந்தது இணையமெல்லாம் பரவியது. குடில் செட்டைப் பார்த்ததும் எங்களுக்கு அவவின் ஞாபகம்தான் வந்தது.

வேலை இப்பிடித்தான். முதல்ல பாத்திரம் கழுவிற சவர்க்காரம் போட்டு, பழைய பல்துலக்கியால் தேய்க்க வேணும். அச்சிலிருந்து கழட்டப் பூசின எண்ணெய்ப்பசை போகாவிட்டால் ஒரு நிறமும் ஒட்டாது. நெயில் பொலிஷ் அழிக்கிற திரவத்தைத் தொடவே வேண்டாம், பிளாஸ்ரிக்கே உருகும். வளையிற மெல்லிய பிளாஸ்ரிக்குக்கு எனாமல் பெயின்ற் பூசினால் மாதக்கணக்கில் பிசுபிசுக்கும், அக்ரிலிக்தான் சரி. தண்ணி விட்டு ஐதாக்கி, மூன்று நாலு பூச்சு. கை நீட்டின விதம் பிடிக்காட்டி சுடுதண்ணியில் அமுக்கி வளைத்து, உடனே குளிர்தண்ணியில் போட்டால் அப்பிடியே நிக்கும். வெட்டின இடத்தை நிரப்ப சுப்பர் குளூவுக்கு மேல அப்பச்சோடாவைத் தூவினால் கல்லாகிவிடும். எங்களுக்குப் பெரிய எதிரி மாரி. குடில் காலமும் மழைக்காலமும் ஒண்டு. ஈரக்காத்தில் வார்னிஷ் ஸ்பிரே அடித்தால் உருவம் முழுக்க வெள்ளைப் புகார் படிந்துவிடும். மழை விட்டு வெயில் எறிக்கிற நாளுக்குக் காத்திருக்கத்தான் வேணும்.

உருமாற்றுவது சுகமான பகுதி. இரண்டு இடையரில் ஒராளின் கோலை வெட்டிப்போட்டு, தென்னை ஈர்க்கில் சவள் ஒண்டு செய்து கொடுத்தோம். ரிஷூத் தாளைப் பசையில் தோய்த்து, முழங்காலுக்கு மேல மடிச்சுக் கட்டின சாரம். தோளில் நுளம்பு வலைத் துண்டு, அதுதான் வீச்சுவலை. ஒட்டகத்தை எடுத்துவிட்டு, விவசாயப் பண்ணை செட் ஒன்றின் குதிரைக்குக் காலைக் குறைத்து, நெடுந்தீவுக் கட்டைக் குதிரை ஆக்கினோம். இராசாக்கள் குறிகட்டுவானில் வந்து இறங்கினதாக வைத்துக்கொள்ளுங்கோ. இது ஒண்டும் புதுசில்லை. 1223இல் கிரேச்சியோ என்ற இத்தாலியக் கிராமத்தில் பிரான்சிஸ் அசிசியார் குடில் வைத்தபோது சுற்றி நின்றது அந்த ஊர்ச் சனம். நேப்பிள்ஸ் குடில்களில் மீன் விக்கிறவர்களும் நிக்கிறார்கள்.

சாரத்துக்கும் குதிரைக்கும் ஊரில் ஒருத்தரும் ஒண்டும் சொல்லவில்லை. பிரச்சினை தோலில் தொடங்கியது.

'தோல் நிறம்' என்று நாங்கள் பள்ளிக்கூடத்தில் சொன்னது பேஸ்ரல் பெட்டியில் இருந்த வெளிறிய றோஸ் குச்சியை. அதே நிறத்துக்கு 'ஃபிளெஷ்', அதாவது 'தசை' என்று பேர் வைத்திருந்த கிரயோலா, 1962இல் அதைப் 'பீச்' என்று மாற்றியது. இருபத்திநாலு தோல் நிறங்களோடு ஒரு பெட்டி போட 2020 ஆனது. எங்களிடம் அந்தப் பெட்டி இல்லை. மண்ணிறம், காவி மஞ்சள், கொஞ்சம் சிவப்பு, இதுதான் அடிப்படை. நிழலுக்குக் கறுப்புச் சேர்த்தால் தோல் செத்துப்போகும். கடும் நீலம் ஒரு துளி போதும். வெளிச்சம் விழுகிற மூக்குக்கும் கன்னத்துக்கும் வெள்ளை சேர்த்தால் சாம்பல் பூசினமாதிரி வரும். மஞ்சளோ செம்மஞ்சளோதான் சேர்க்க வேணும். கலந்ததை முழங்கையில் தொட்டு வைத்துப் பார்ப்போம். ஆறு பேர், ஆறு கலவை.

எங்களில் ஆகக் கடும் நிறம் ஒருத்திக்கு. பள்ளிக்கூட ஒளிவிழா நாடகங்களில் அவ எப்பவும் இடையர், ஒருமுறை கழுதையின் பின்பாதி. நல்லா நடிப்பா, பாட்டும் வரும். மாதா வேஷம் ஒரு வருஷமும் கிடைக்கவில்லை. அவவுக்கு யாரும் காரணம் சொன்னதுமில்லை, அவ கேட்டதுமில்லை. 'ஃபெயார் அன்ட் லவ்லி' 2020இல் 'க்ளோ அன்ட் லவ்லி' என்று பேரை மாற்றிக்கொண்டது; வீடுகளில் "வெயிலுக்க திரியாதை" என்கிற சொல் மாறவில்லை.

இடையர்களையும் சூசையப்பரையும் பூசினபோது குடில் வைக்கிற வீட்டு அம்மம்மா சிரித்தா. மாதாவைக் கையில் எடுத்ததும், "மாதாவில கை வைக்காதேங்கோ பிள்ளையள்" என்றா. நாங்கள் வேளாங்கண்ணியைச் சொல்லிப் பார்த்தோம். மாதாவுக்கு சேலையே கட்டியிருக்கினம்தானே? அம்மம்மா யோசிக்காமல் சொன்னா: "சேலைதானே. முகம் முகம்தான்." உண்மைதான். உடுப்பை ஊருக்குக் கொண்டுவருவோம், முகத்தைத் தொடமாட்டோம். சைவப் பக்கமும் திறமில்லை. பேரிலேயே கறுப்பான கண்ணனைக் கலண்டரில் நீலமாக்கி வைத்திருக்கிறோம். 2017இல் சென்னையில் நரேஷ் நில், பரத்வாஜ் சுந்தர் இருவரும் கறுத்த நிறத்துப் பெண்களையும் ஆண்களையும் இலட்சுமியாக, முருகனாக நிறுத்திப் படம் எடுத்தபோது அது செய்தியாகும் அளவுக்குப் புதுமையாக இருந்தது. எங்களுக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

பாலனை 24ஆம் திகதி இரவு வரை குடிலில் வைப்பதில்லை. அதனால் அவரை ஒருத்தரும் தேடவில்லை. அவதான் பூசினா, தன் முழங்கையைப் பார்த்துப் பார்த்து. நடுச்சாமப் பூசை முடிந்து வந்து வைத்தபோது வீட்டில் சத்தமில்லை. றோஸ் தாய், கறுத்தப் பிள்ளை. கடைசியில் மாமா ஒருவர், "பிள்ளை தேப்பன்ர நிறம்" என்றார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று விளங்கி நாக்கைக் கடித்தார். எல்லாரும் சிரித்தோம். அம்மம்மா சிரிக்கவில்லை. கனநேரம் குடிலையே பார்த்துக்கொண்டு இருந்தா.

இந்த வருஷம் பெட்டி இறக்கின அண்டைக்கு அம்மம்மாவே மாதாவை எடுத்து எங்களிடம் தந்தா. "தாய்க்கும் பிள்ளைக்கும் பொருத்தமில்லாமக் கிடக்கு. ஆனா அட்டக்கறுப்பு வேண்டாம்." மட்டையில் நாலு கலவையைக் கோடாகப் பூசிக் காட்டினோம், மெல்லிசிலிருந்து கடுமை வரைக்கும். அம்மம்மாவின் விரல் இரண்டாவதில் நின்றது. எங்கட பிள்ளை நாலாவதைத் தொட்டா, அவவின் நிறம் அது. "என்ர நிறம் அட்டக்கறுப்போ அம்மம்மா?" அம்மம்மா மட்டையை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தா, பதில் சொல்லவில்லை.

மூன்றாவதைப் பூசியிருக்கிறோம், முதல் பூச்சுத்தான். இன்னும் இரண்டு பூச்சு இருக்கு, அதில் கடுமையாக்கலாம், மெல்லிசாக்கலாம். மூன்று நாளா மழை. ஒண்டும் காயேல்லை.