ஆறாம் மாதத்தில் ஒரு சுடிதார்

ஆறாம் மாதம் தொடங்கிய வாரத்தில், பள்ளியின் மாடிப்படியில் இறங்கும்போது என் சேலைக் கொசுவத்தை நானே மிதித்துவிட்டேன். கையில் ஒரு கட்டு கணக்கு நோட்டுகள். நோட்டுகள் படியெங்கும் சிதறின. கைப்பிடிக் கம்பி கைக்குச் சிக்கியதால் நான் விழவில்லை. எட்டாம் வகுப்புப் பெண்கள் ஓடிவந்து பொறுக்கிக் கொடுத்தார்கள். "மிஸ், பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று ஒருத்தி கேட்டாள். அன்று மாலைவரை உட்கார்ந்தேதான் பாடம் நடத்தினேன். கால் நடுக்கம் நிற்கவே இல்லை.

சேலை கட்டத் தெரியாதவள் இல்லை நான். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தினமும் கட்டுகிறேன். ஆனால் கொசுவம் செருக இடுப்பு என்று ஒன்று வேண்டுமே! ஐந்தாம் மாத வாக்கில் கருப்பை தொப்புள் உயரத்துக்கு வந்துவிடுகிறது. பாவாடை நாடாவை வயிற்றுக்கு மேலே கட்டினால் சாப்பிட்டது நெஞ்சுக்கு ஏறியது. வயிற்றுக்குக் கீழே கட்டினால் கொசுவம் தளர்ந்து தரையைக் கூட்டியது. இறுக்கிக் கட்டினால் மாலையில் அவிழ்க்கும்போது இடுப்பைச் சுற்றிச் சிவப்பாக ஒரு கோடு. சில வாரங்களில் அந்தக் கோடு அரித்து அரித்துக் கறுத்தது.

இது நமக்கெல்லாம் பழகிய கறுப்புதான். என் அம்மாவுக்கு இருக்கிறது, அத்தைக்கும் இருக்கிறது. வருடக்கணக்கில் ஒரே இடத்தில் நாடா உரசிப் புண்ணாகி, அரிதாக அது தோல் புற்றுநோயாக மாறியதை இந்திய மருத்துவர்கள் பதிவு செய்து, அதற்கு 'சேலைப் புற்று' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. உடம்பு கொடுக்கும் அடையாளத்தை 'பொம்பளைன்னா அப்படித்தான்' என்று எத்தனை தலைமுறையாகக் கடந்துவந்திருக்கிறோம் என்பதற்காகச் சொல்கிறேன்.

மறுநாள் தலைமையாசிரியையிடம் போய், பிரசவம்வரை சுடிதார் போட்டுக்கொள்ள அனுமதி கேட்டேன். எங்களுடையது தனியார் பள்ளி. ஆசிரியைகளுக்குச் சேலை, அதற்கு மேல் ஓவர்கோட். மேடம் கோபப்படவில்லை. சிரித்தபடிதான் சொன்னார். "நானும் ரெண்டு பெத்தவதான். ஒன்பதாம் மாசம் வரைக்கும் சேலையிலதான் வந்தேன். சுடிதார்ல வயிறு எடுப்பாத் தெரியும்மா. பெரிய பசங்க படிக்கிற ஸ்கூல்."

அவர் பட்ட கஷ்டத்தை நானும் படவேண்டும் என்பது முதல் வாதம். என் வயிற்றைப் பார்த்துப் பையன்கள் கெட்டுப்போவார்கள் என்பது இரண்டாவது வாதம். எங்கள் பள்ளியில் பெல்ட்டுக்கு மேல் தொப்பை சரிந்து விழும் ஆண் ஆசிரியர்கள் மூன்று பேர் இருக்கிறார்கள். அந்த வயிறுகளால் இதுவரை எந்த மாணவரும் கெட்டுப்போகவில்லை.

2019-இல் தமிழ்நாடு அரசு தன் தலைமைச் செயலக ஊழியர்களுக்கு வெளியிட்ட உடை விதியிலேயே பெண்களுக்குச் சேலையோடு சல்வார் கமீஸும் துப்பட்டாவுடன் சுடிதாரும் இருக்கின்றன. அதைச் சொன்னேன். "இது கவர்மென்ட் ஆபீஸ் இல்லைம்மா" என்று பேச்சை முடித்துவிட்டார்.

வீட்டில் வேறு கதை. அங்கே நைட்டி, அதன்மேல் ஒரு துண்டு. "அம்மிணி, வயித்தை மூடிக்கோ. கண்ணு பட்டுரும்" என்பார் அத்தை. நைட்டியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நம் வீடுகளில் இடுப்பை இறுக்காத ஒரே உடை அதுதான். அதனாலோ என்னவோ, அதையும் விட்டுவைப்பதில்லை. ஆந்திராவின் மேற்கு கோதாவரி மாவட்டத்தில் ஒரு கிராமத்துப் பெரியவர்கள், பெண்கள் பகலில் நைட்டி போட்டால் 2,000 ரூபாய் அபராதம், காட்டிக்கொடுப்பவர்களுக்கு 1,000 ரூபாய் பரிசு என்று 2018-இல் முடிவு செய்தார்கள்.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். காலை முதல் இரவுவரை நைட்டியில் கண்ணாடியைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. கழுத்திலிருந்து கணுக்கால்வரை ஒரே உருளையாக நின்றேன். எனக்கு வசதியும் வேண்டியிருந்தது, அழகாகவும் இருக்க வேண்டியிருந்தது. இதை வாய்விட்டுச் சொல்லக் கூச்சமாக இருந்தது. 'புள்ளத்தாச்சிக்கு எதுக்கு அலங்காரம்?' என்ற குரல் வெளியிலிருந்து வருமுன் எனக்குள்ளிருந்தே வந்தது.

அதே வீட்டில்தான் ஏழாம் மாதம் வளைகாப்பு. அன்றைக்கு மட்டும் கனத்த பட்டுச்சேலை, தலை நிறையப் பூ, கன்னமெல்லாம் சந்தனம். வந்தவர்கள் எல்லாரும் வயிற்றைப் பார்த்தார்கள், தொட்டார்கள், போட்டோ எடுத்தார்கள். அன்று யாருக்கும் கண்படவில்லை. அலங்காரம் கூடாது என்பதில்லை போலிருக்கிறது. எனக்காக நான் செய்துகொள்வதுதான் கூடாது.

கடைக்கும் போய்ப் பார்த்தேன். கர்ப்பிணிகளுக்கான பருத்தி கவுன் ஒன்று 1,799 ரூபாய். நான்கு மாதத்துக்கு அந்த விலையில் எத்தனை வாங்க முடியும்? என்னோடு வேலை பார்க்கும் ஒரு டீச்சர்தான், "காதர்பேட்டைக்குப் போங்க" என்றார்.

நாங்கள் இருப்பது திருப்பூர். இங்கே பனியன் கம்பெனிகளில் ஏற்றுமதிக்குத் தைத்து, சிறு பழுதாலோ ஆர்டர் மிஞ்சியதாலோ ஒதுக்கப்பட்ட துணிகள் காதர்பேட்டைக்கு வரும். அங்கே ஒரு குவியலில், இடுப்புக்குப் பதிலாக ஒரு சாண் அகலத்துக்கு மெத்தென்ற பட்டை வைத்த லெக்கின்ஸ் கிடைத்தது. அந்தப் பட்டை வயிற்றை முழுக்க ஏந்திக்கொள்ளும். நாடா இல்லை, இறுக்கும் எலாஸ்டிக் இல்லை. ஒன்று 120 ரூபாய். இரண்டு வாங்கினேன்.

மேலே போட டாப் தைக்க, எங்கள் தெருவில் வீட்டோடு தையல் மெஷின் வைத்திருக்கும் அக்காவிடம் போனேன். லெக்கின்ஸைக் கையில் வாங்கியவர், பட்டையை இழுத்துப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"ஏனுங்க டீச்சர், இது வயித்துக்குங்களா?"

"ஆமாங்கக்கா. ஏன்?"

"நான் கம்பெனியில ஓவர்லாக்ல இருந்தப்ப இதைத்தானுங்க தைச்சேன். எதுக்கு இவ்வளவு பெரிய பட்டைன்னு யாருக்கும் தெரியாது. ஃபாரின்காரிக குண்டா இருப்பாங்களாட்ட இருக்குதுன்னு பேசிக்குவோம்." கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார். "அப்ப எனக்கும் ஆறு மாசமுங்க. நாடாப் பேண்ட்டு. ஒன்றரை ஷிப்டு."

எனக்குப் பதில் சொல்ல வரவில்லை. கர்ப்பிணியின் இடுப்பை நாடா அறுக்கக்கூடாது என்று எங்கோ ஒரு நாட்டில் யோசித்திருக்கிறார்கள். அதை ஒரு கர்ப்பிணிதான் தைத்திருக்கிறார். அவருக்கு யாரும் சொல்லவில்லை.

அந்த அக்காதான் எனக்கு அளவெடுத்தார். அவர் சொன்னதை அப்படியே தருகிறேன், யாருக்காவது பயன்படும்.

தோள் அளவும் கை அளவும் கச்சிதமாக இருக்க வேண்டும். தோள் சரியாக நின்றால், கீழே எவ்வளவு லூசாக இருந்தாலும் பார்க்க அழகாக இருக்கும். நாம் செய்யும் தவறு, இரண்டு சைஸ் பெரிய சுடிதாரை வாங்குவது. அப்போது தோள் தொங்கி, கழுத்து சரிந்து, இரவல் வாங்கியது போல் இருக்கும்.

இடுப்பில் தையல் வேண்டாம். மார்புக்குச் சற்றுக் கீழே தையல் வைத்து, அங்கிருந்து சுருக்கம் கொடுத்து இறக்க வேண்டும். வயிறு வளர வளரத் துணி தானாக இடம் கொடுக்கும்.

முன்பக்கத்தைப் பின்பக்கத்தைவிட இரண்டு மூன்று அங்குலம் நீளமாக வெட்ட வேண்டும். எட்டாம் மாதத்தில் வயிறு துணியைத் தூக்கும்போது முன்னும் பின்னும் சமமாக நிற்கும். விளிம்பு கணுக்காலுக்கு மேலேயே நிற்கட்டும், படியில் தடுக்காது.

பக்கவாட்டில் இரண்டு அங்குலம் உள்தையல் விட வேண்டும், பிரித்துக்கொள்ளலாம், பிறகு பிடித்தும் கொள்ளலாம். சுருக்கத்துக்குள் மறைவாக இரண்டு பக்கமும் ஜிப் வைத்தால் குழந்தைக்குப் பால் கொடுக்கும் மாதங்களுக்கும் அதே உடை போதும். துணி பருத்தியாக இருக்கட்டும், இந்த மாதங்களில் உடம்பு அதிகம் வேர்க்கும். உள்ளாடையையும் அளவு மாற்றி வாங்க வேண்டும். பழைய பிராவின் கடைசிக் கொக்கியில் மூச்சுமுட்டிக்கொண்டு ஒன்பது மாதத்தை ஓட்டக்கூடாது.

கடைசியாக, நான் கேட்காமலே ஒரு பாக்கெட் வைத்துக் கொடுத்தார். "கைய வீசி நடக்கோணும்ங்க டீச்சர், படியில புடிச்சுக்கோணும்" என்றார்.

மூன்று சுடிதார் தைத்தேன். மயில் நீலம், மாந்தளிர், கறுப்பில் சிறு வெள்ளைப் பூ. மயில் நீலத்தைப் போட்டுக் கண்ணாடி முன் பக்கவாட்டில் திரும்பி நின்றேன். வயிறு தெரிந்தது. நன்றாக இருந்தது.

படியில் தடுக்கியதை எழுதி, மருத்துவரின் சீட்டையும் இணைத்து மேடத்திடம் கடிதமாகக் கொடுத்தேன். இரண்டு நாள் கழித்து அனுமதி வந்தது. பிரசவம்வரை மட்டும், அதுவும் ஓவர்கோட்டோடு. ஓவர்கோட்டின் கீழ் இரண்டு பட்டன்கள் போட வரவில்லை. திறந்துவிட்டபடியே போனேன். முதல் நாள் வராண்டாவில் சில தலைகள் திரும்பின. மூன்றாம் நாள் யாரும் திரும்பவில்லை. பெரிய பையன்களுக்கு என் வயிற்றைவிட அல்ஜீப்ரா பெரிய கவலையாக இருந்தது.

இதை வெற்றிக்கதையாக முடிக்க என்னால் முடியாது. எனக்குக் கிடைத்தது விதி மாற்றம் இல்லை, சலுகை. கர்ப்பிணி என்பதால் பரிதாபப்பட்டுக் கொடுத்தது. அடுத்த வருடம் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து எழுதிக் கொடுத்தோம். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் அம்மாக்களும் கேட்காமலே சுடிதார் போடலாம் என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். மூட்டுவலி உள்ள தமிழ் டீச்சருக்கும், பேருந்தில் தொங்கிக்கொண்டு வரும் அறிவியல் டீச்சருக்கும் இன்னும் சேலைதான். உடம்பில் ஒரு குழந்தை இருந்தால்தான் நம் உடம்பின் வசதிக்கு மதிப்பு என்றால், அது குழந்தைக்குக் கொடுத்த மரியாதை, நமக்கு இல்லை. மறுபடியும் எழுதிக் கொடுக்கப் போகிறோம்.

அந்த மயில் நீலச் சுடிதார் இப்போது மூன்றாவது ஆசிரியையிடம் இருக்கிறது. உள்தையலை அக்கா இரண்டு முறை பிரித்து, இரண்டு முறை பிடித்தாகிவிட்டது. காதர்பேட்டையில் வாங்கிய இரண்டு லெக்கின்ஸில் ஒன்றை அக்காவின் மகள் போட்டுக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு இது ஐந்தாம் மாதம். பனியன் கம்பெனிக்குத்தான் போகிறாள்.