நாலு வருடம் தண்ணீரே ஊற்றாத செடி! - லண்டன் துறைமுகத் தெருவில் பிறந்த கண்ணாடித் தோட்டம்

லண்டனுக்குச் சுற்றுலா போகிறவர்கள் டவர் ஹில் ரயில் நிலையத்தில் இறங்கினால், கால்கள் தானாகவே கோஹினூர் வைரம் இருக்கும் கோட்டைப் பக்கம் திரும்பிவிடும். அந்தக் கூட்டத்தை விட்டு விலகி, கிழக்கே கேபிள் தெருப் பக்கம் கொஞ்ச தூரம் நடந்தால் வெல்க்ளோஸ் சதுக்கம் வரும். பார்க்க அப்படி ஒன்றும் இல்லை. நடுவில் ஒரு பள்ளிக்கூடம், சுற்றிலும் குடியிருப்புகள். பழைய வீடுகள் பெரும்பாலும் 1960களில் இடிபட்டுவிட்டன. பக்கத்துச் சந்தில், 1859ல் திறந்த வில்டன்ஸ் இசை அரங்கம் மட்டும் அந்தக் காலத்து முகத்தோடு நிற்கிறது.

இன்று ஆன்லைனில் 'டெர்ரேரியம்' என்று சொல்லி, கண்ணாடி ஜாடிக்குள் குட்டிக் காட்டை அடைத்து விற்கிறார்களே... அதன் பூர்வீகம் இந்தச் சதுக்கம்தான்.

புகை தின்ற தோட்டம்

சுமார் இருநூறு வருடங்களுக்கு முன்னால் இங்கே ஒரு மருத்துவர் இருந்தார். நத்தானியேல் பாக்ஷா வார்டு. அப்பாவும் மருத்துவர். 13 வயதில் கப்பலேறி ஜமைக்கா போய், அங்கே பார்த்த பனை இனங்களிலும் பெரணிகளிலும் மனதைப் பறிகொடுத்துவிட்டுத் திரும்பியவர். பிற்பாடு அப்பாவின் தொழிலையே எடுத்துக்கொண்டு, துறைமுகத் தொழிலாளிகளுக்கும் மாலுமிகளுக்கும் வைத்தியம் பார்த்தபடி இந்தச் சதுக்கத்திலேயே காலம் தள்ளினார். செடிப் பைத்தியம் மட்டும் போகவில்லை.

வீட்டு முற்றத்தில் கற்களை அடுக்கி, மேலே ஒரு குழாயிலிருந்து தண்ணீர் சொட்டும்படி வைத்து, பாசியும் பெரணியும் வளர்க்கப் பார்த்தார். எதுவும் தங்கவில்லை. சுற்றிலும் தொழிற்சாலைகள், வீட்டுக்கு வீடு நிலக்கரி அடுப்பு. இலை மேல் கரி படியும், செடி சாகும். இன்னொன்றை நடுவார், அதுவும் சாகும். தெருவில் இருந்த மனிதர்களின் நுரையீரலுக்கும் அதே காற்றுதான். தினமும் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்த மருத்துவருக்கு அது தெரியாமல் இருந்திருக்காது.

கூட்டுப்புழு செய்த உதவி

1829 கோடை. அந்துப்பூச்சி ஒன்று கூட்டிலிருந்து வெளிவருவதைப் பார்க்கும் ஆசையில், அகன்ற வாய் உள்ள கண்ணாடி பாட்டிலில் ஈர மண்ணைப் போட்டு, அதற்குள் கூட்டுப்புழுவைப் புதைத்து மூடியும் போட்டு வைத்தார் வார்டு. பகலில் மண்ணிலிருந்து ஈரம் ஆவியாகி எழுந்தது. கண்ணாடியில் முத்து முத்தாகப் படிந்தது. மறுபடி வழிந்து மண்ணுக்கே போனது. பூச்சி வெளிவரச் சுமார் ஒரு வாரம் இருக்கும்போது, மண்ணில் இரண்டு பச்சை முளைகள். ஒன்று புல், இன்னொன்று பெரணி! முற்றத்தில் வருடக்கணக்காகக் கெஞ்சியும் வளராத அதே பெரணி இனம்.

பூச்சியை மறந்துவிட்டு பாட்டிலை வடக்குப் பார்த்த ஜன்னலுக்கு வெளியே வைத்தார். கிட்டத்தட்ட நாலு வருடம் அது அங்கேயே இருந்தது. ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. புல் ஒருமுறை பூத்தது, பெரணி வருடா வருடம் புது இலை விட்டது. கடைசியில் எப்படிச் செத்தது தெரியுமா? வார்டு ஊரில் இல்லாத நேரத்தில் தகர மூடி துருப்பிடித்து ஓட்டையாகி, மழைத் தண்ணீர் உள்ளே போய் அழுகிவிட்டது. நாலு வருடம் தண்ணீரே இல்லாமல் வாழ்ந்த செடியைக் கொன்றது தண்ணீர்!

வீட்டுக்குள் செடி வளர்க்கிற யாரும் இந்த இடத்தில் ஒரு நிமிடம் நிற்கலாம். 'தினமும் ஊத்தினேனே, அப்புறமும் பட்டுப்போச்சே' என்ற புலம்பலில், அந்த 'தினமும்'தான் குற்றவாளி. வேருக்குத் தண்ணீரைப் போலவே காற்றும் வேண்டும். மண் எந்நேரமும் சொதசொதவென்று இருந்தால் வேர் மூச்சுத் திணறி அழுகும். வேர் அழுகினால் இலை வாடும். வாடிய இலையைப் பார்த்ததும் மனசு கேட்காமல் இன்னொரு சொம்பு ஊற்றுவோம். அவ்வளவுதான், கதை முடிந்தது.

மூடிய பாட்டிலில் நடப்பதில் மந்திரம் எதுவும் இல்லை. இலையும் மண்ணும் விடும் ஈரம் வெளியே போக வழியில்லாமல் திரும்பி வருகிறது. வெளிச்சத்தில் செடி உணவு தயாரிக்கும்போது கார்பன் டை ஆக்சைடை எடுத்து ஆக்சிஜனைத் தருகிறது. செடியின் சுவாசமும் மண்ணில் இருக்கும் நுண்ணுயிர்களும் கார்பன் டை ஆக்சைடைத் திரும்பத் தருகின்றன. தேவை வெளிச்சம் மட்டும்தான்.

எட்டு மாதக் கடல் பயணம்

இந்தக் கண்டுபிடிப்பு முதலில் போனது வரவேற்பறைக்கு மட்டுமல்ல, கப்பலுக்கும்தான். அதுவரை கப்பலில் ஏற்றிய செடிகள் உப்புக் காற்றிலும், நல்ல தண்ணீர் இல்லாமலும் மடிந்தன. சீனாவிலிருந்து இங்கிலாந்துக்கு ஒரு செடி உயிரோடு போய்ச் சேர்ந்தால் ஆயிரம் செடி வழியில் செத்திருக்கும் என்று 1819ல் கணக்குச் சொன்னார் அங்கே இருந்த மருத்துவர் ஜான் லிவிங்ஸ்டன்.

1833ல் பெரணியும் புல்லும் நிரப்பிய இரண்டு கண்ணாடிப் பெட்டிகளை ஆஸ்திரேலியாவின் சிட்னிக்கு அனுப்பினார் வார்டு. பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன. திரும்பும்போது அதே பெட்டிகளில் ஆஸ்திரேலியச் செடிகள். கேப் ஹார்ன் முனையில் கப்பல் தளத்தில் பனி கொட்டியது. பூமத்திய ரேகையில் வெயில் வறுத்தது. சுமார் எட்டு மாதப் பயணத்தில் யாரும் ஒருமுறைகூடத் தண்ணீர் ஊற்றவில்லை. பெட்டியைத் திறந்தால் உள்ளே பச்சை! ஹாக்னியில் பெரிய நாற்றுப் பண்ணை வைத்திருந்த ஜார்ஜ் லோடிஜஸ், முன்பெல்லாம் 20 செடியில் 19 சாகும், இப்போது 20ல் 19 பிழைக்கிறது என்றார்.

வெல்க்ளோஸ் சதுக்கத்தில் இதற்கெல்லாம் சாட்சி இல்லை. அதற்கு தேம்ஸ் நதிக் கரையோரமாக மேற்கே செல்சியா மூலிகைத் தோட்டத்துக்குப் போக வேண்டும். 1673ல் லண்டன் மருந்தாளர் சங்கம் அமைத்த தோட்டம். உயரமான மதில், உள்ளே கசப்பும் மணமுமாகப் பாத்திகள். சாவகாசமாக அரை நாள் செலவழிக்கலாம். வார்டு இந்தச் சங்கத்துக்கே தலைவராக இருந்தவர். தோட்டத்தில் பெரணிகளுக்கென்றே ஒரு கண்ணாடி வீடு உண்டு. வெளியே வெயில் அடித்தாலும் உள்ளே மழை விட்ட மாதிரி ஈரம். தோட்டத்தின் பொறுப்பாளராக 1846 முதல் 1848 வரை இருந்த ராபர்ட் ஃபார்ச்சூன், வேலையை விட்டுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகச் சீனா போனார். அங்கிருந்து ஆயிரக்கணக்கான தேயிலைக் கன்றுகளை இமயமலை அடிவாரத்துக்குக் கொண்டுவந்தது, வார்டின் பெட்டியில்.

நீலகிரி வரை வந்த பெட்டி

ஊட்டியிலிருந்து கூடலூர் போகும் சாலையில் நடுவட்டம் வரும். டீ குடிக்க வண்டியை நிறுத்துகிறவர்கள் பலர். அங்கே பழைய கொய்னா தொழிற்சாலை இருப்பது பலருக்குத் தெரியாது. மலேரியா மருந்துக்காக, தென் அமெரிக்காவின் சிங்கோனா மரத்தை நீலகிரிக்குக் கொண்டுவர 1859ல் ஆள் அனுப்பியது ஆங்கில அரசு. பெருவிலிருந்து புறப்பட்ட முதல் பெட்டிகளின் செடிகள், வழியில் செங்கடல் வெக்கையைத் தாங்காமல் நொந்து, பிழைக்காமலே போய்விட்டன. கண்ணாடிப் பெட்டியில் ஈரம் நிற்கும், சூடும் நிற்கும். இது இன்றைக்கு ஜன்னலோரம் ஜாடி வைப்பவர்களுக்கும் பாடம். அடுத்து ஈக்வடாரிலிருந்து வந்த பெட்டிகளில் 400க்கும் மேற்பட்ட கன்றுகள் 1861ல் உயிரோடு மலையேறின. கூடவே விதைகளும் வந்தன. ஊட்டி தாவரவியல் பூங்காவை உருவாக்கிய மெக்ஐவர் அவற்றைப் பெருக்கினார்.

1876ல் பிரேசில் ரப்பர் விதைகள் லண்டனின் கியூ தோட்டத்தில் முளைத்தன. 38 பெட்டிகளில் 1,919 கன்றுகள் இலங்கைக்குக் கப்பலேறின. மறு வருடம் 22 கன்றுகள் சிங்கப்பூருக்குப் போயின. தமிழ்நாட்டிலிருந்து ஆயிரமாயிரம் குடும்பங்கள் மலேயா ரப்பர் தோட்டங்களுக்குப் போய்ப் பட்ட பாடு அந்த 22 கன்றுக்குப் பின்னால் இருக்கிறது. சொந்தக்காரனைக் கேட்காமல் செடியை எடுத்துப்போக உதவிய பெட்டி என்பதையும் சேர்த்துத்தான் இதன் பெருமையைப் பேச வேண்டும்.

வார்டின் ஆசை வேறாக இருந்தது. 1842ல் எழுதிய புத்தகத்தில், நகரத்து ஏழைகளின் வீட்டிலும் இப்படி ஒரு பசுமை இருக்க வேண்டும், ஆடம்பரப் பெட்டி தேவையில்லை என்று வாதாடினார். ஆனால், இங்கிலாந்தில் அப்போது கண்ணாடிக்கு வரி இருந்தது. அது 1845ல்தான் நீங்கியது. பிறகு வசதியானவர்கள் வரவேற்பறைகளில் வேலைப்பாடுள்ள பெட்டிகளை வாங்கி வைத்துப் பெரணிப் பித்துப் பிடித்து அலைந்தார்கள். பெட்டி வாங்க முடியாதவர்கள் ஆஸ்பிடிஸ்ட்ரா என்ற செடியை வளர்த்தார்கள். இருட்டு, புகை, கேஸ் விளக்கு, மறதி எதற்கும் அசையாத செடி. 'வார்ப்பிரும்புச் செடி' என்றே அதற்குப் பெயர்.

இன்றைய வீட்டுக்கு

சென்னை, கோவை அடுக்குமாடிகளில் ஆஸ்பிடிஸ்ட்ராவின் இடத்தில் ஸ்னேக் பிளான்ட்டும் ஸீஸீ செடியும் இருக்கின்றன. இரண்டுமே உடம்புக்குள் தண்ணீரைச் சேமிப்பவை. குடும்பத்தோடு பத்து நாள் ஊருக்குப் போய் வந்தாலும் கோபித்துக்கொள்ளாது. இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை, விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, நன்றாகக் காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். மணி பிளான்ட்டை பாட்டில் தண்ணீரில் வளர்ப்பது இன்னும் சுலபம். ஆனால், வாரம் ஒருமுறை தண்ணீரை மாற்றியே ஆக வேண்டும்; டெங்கு கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். இந்த மூன்றுமே வாயில் வைத்தால் தொந்தரவு தருபவை. தவழும் குழந்தையோ பூனையோ இருக்கும் வீட்டில் எட்டாத உயரத்தில் வையுங்கள்.

'அறைக் காற்றைச் சுத்தம் செய்யும்' என்று சொல்லி விலையை ஏற்றினால் நம்ப வேண்டாம். 1989ல் நாசா செய்த சோதனை, சின்ன மூடிய பெட்டிக்குள் நடந்தது. ஜன்னலும் கதவும் உள்ள வீட்டில் நாலு தொட்டிச் செடியைவிட ஜன்னலைத் திறந்து வைப்பது பல மடங்கு மேல்.

வார்டின் பாட்டிலை வீட்டிலேயே செய்துவிடலாம். பரணில் பழைய ஹார்லிக்ஸ் கண்ணாடி பாட்டில் இருந்தால் போதும். சோப்பு வாசனை போகக் கழுவி, மூன்று விரல் உயரத்துக்கு மண்ணும் தென்னை நார்க்கழிவும் கலந்து போடுங்கள். மழைக்காலத்தில் மதில் சுவரிலும் கிணற்று உறையிலும் படரும் பாசி, செங்கல் இடுக்கில் தானாக முளைத்த குட்டிப் பெரணி... இவை காசில்லாமல் கிடைக்கும். நர்சரியில் வாங்குவதென்றால் ஃபிட்டோனியா நன்றாக வரும். கள்ளி வகை மட்டும் வேண்டாம். மூடிய ஜாடிக்குள் கள்ளியை வைத்து விற்கும் கடைகள் இருக்கின்றன; பார்க்க அழகு, சீக்கிரமே அழுகிவிடும்.

மண் நனையும் அளவுக்கு மட்டும் தண்ணீர் தெளித்து மூடி, வெளிச்சம் வரும், ஆனால் நேர் வெயில் படாத இடத்தில் வையுங்கள். ஃப்ரிட்ஜ் மேலும் டி.வி. பக்கத்திலும் வேண்டாம், சூடு. முதல் வாரம் கண்ணாடி நாள் முழுக்க வியர்த்துக்கொண்டே இருந்தால் தண்ணீர் அதிகம். மூடியை அரை நாள் திறந்து விடுங்கள். காலையில் லேசாகப் பனித்து, மதியத்துக்குள் தெளிந்துவிட்டால் அளவு சரி. பிறகு பழுத்த இலையை எடுக்க மட்டும் எப்போதாவது திறந்தால் போதும்.