கணினியும் நிலவேம்பும்

2020ஆம் ஆண்டு டிசெம்பரில் மருதனார்மடச் சந்தையிலே தோன்றிய கொவிட் கொத்தணியை எம்மூரார் எளிதில் மறவார். சந்தை மூடப்பட்டது, சுற்றுவட்டாரம் முடங்கிற்று. அதே மாதத்தில் கேகாலையிலே ஒரு பாணியைப் பெறுதற்கு ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்து நின்றனர். எம் வீட்டு அடுப்பிலும் வேர்க்கொம்பும் மல்லியும் ஓயாது கொதித்தன. பிறரை நகைக்க எமக்கு உரிமையில்லை.

அந்நாட்களிலேதான், பல்கலைக்கழகத்தில் உயிரிரசாயனம் கற்கும் எம் பெறாமகன், ஆய்வுகூடம் பூட்டியிருக்க, மடிக்கணினியில் மூலிகை ஆராயக் கண்டோம். "நிலவேம்பை இதற்குள் எப்படியடா இட்டாய்?" என்றோம். "சாற்றையல்ல, பெரியப்பா, அதன் மூலக்கூற்றின் வடிவத்தை" என்று அவன் தந்த விளக்கம், எமில் பிசர் 1894இல் கூறியதும் எம் இரசாயன ஆசிரியர் கரும்பலகையில் வரைந்து காட்டியதுமாகிய பூட்டும் திறப்பும் என்னும் உவமையே.

கொரோனா வைரசின் புரதங்கள் பல, முதலில் ஒரே நீண்ட சங்கிலியாகவே ஆக்கப்படுகின்றன. அதனை உரிய இடங்களில் வெட்டுதற்கு ஒரு நொதியம் உண்டு. அது தடைப்படின் வைரசு பெருகாது. அந்நொதியத்தின் முப்பரிமாண அமைப்பைச் சீன அறிஞர் 2020 பெப்ரவரியில் யாவர்க்கும் வெளியிட்டனர். அதன் குழியினுள் எம்மூலக்கூறு இறுகப் பொருந்தும் எனக் கணித்து மதிப்பெண் இடுவதே கணினியின் பணி. ஓட்டோடொக் வினா போன்ற செய்நிரல்களுக்குக் காசும் வேண்டியதில்லை. தமிழ்நாட்டு ஆய்வாளரும் அவ்வாண்டே நிலவேம்பின் கசப்புப் பொருளாகிய அன்ட்ரோகிராபோலைட்டை இவ்வாறு சோதித்தனர்; 15 சரக்குகள் கூடிய கபசுரக் குடிநீரின் கூறுகளும் வைரசின் மற்றொரு புரதத்தோடு பொருத்திப் பார்க்கப்பட்டன.

'பொருந்துகின்றது' என்பது ஊர்வாயில் 'குணமாக்குகின்றது' என்றாயிற்று. இதுவே எமக்கு வருத்தம். கணினி ஒரு சுளகு. நூற்றுக்கணக்கான பொருள்களுள் எவற்றை முதலிற் சோதிக்கலாம் எனப் புடைத்துத் தரும், அவ்வளவே. விழுங்கிய பொருள் குருதியைச் சேருமோ என்பதை அம்மதிப்பெண் அறியாது. அன்ட்ரோகிராபோலைட்டோ வாய்வழி உண்டால் சிறிதளவே உடலிற் சேர்வது. தாய்லாந்தில் 2021இல் வெளிவந்த ஆய்வில், மனித நுரையீரற் கலங்களில் அது வைரசை நன்கு அடக்கியது. ஆயின் 2023இல் அந்நாட்டிலேயே வெளிவந்த நோயாளர் சோதனையொன்றில், பவிபிராவிர் மருந்துடன் நிலவேம்புச் சாற்றைச் சேர்த்துக் கொடுத்தும் மேலதிக நன்மை காணப்படவில்லை. அதே நொதியத்தைக் குறிவைத்து ஆக்கப்பெற்ற நிர்மட்ரெல்விர், நோயாளரிடத்துச் சோதிக்கப்பெற்ற பின்னரே, 2021 டிசெம்பரில் அமெரிக்காவில் அவசர அனுமதி பெற்றது.

இதனால் நிலவேம்பு தோற்றது என்று கொள்ளற்க. எம் முற்றத்து மூலிகைகளுட் பல இன்னும் சுளகிலேயே ஏறவில்லை. பெறாமகன் தன் பட்டியலில் முதலாவதாய் நின்ற பொருளைப் பிரித்தெடுக்க இடந்தேடி அலைகின்றான். யூபிலி நினைவாக மண்டபம் ஒன்று எழுப்பப் பழைய மாணவர் எண்ணுகின்றனராம். மூலிகைச் சாற்றை மாணவர் பிரித்தறிதற்கு அதனுள் ஓர் அறை ஒதுக்கலாகாதோ எனக் கேட்டெழுதியிருக்கின்றோம், மறுமொழியை எதிர்பார்த்திருக்கின்றோம்.