501-ஆவது யூனிட்

சித்திரை பிறந்துவிட்டால் சென்னையின் மந்தைவெளி, அடையாறு அபார்ட்மென்ட்களில் ஒரே கேள்விதான்: "உங்க வீட்டுல ஐந்நூறு தாண்டிடுச்சா?" மீட்டர் பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, ரீடிங் எடுக்க வரும் தேதியை விரல்விட்டு எண்ணுகிறார்கள். தமிழ்நாட்டின் 2022 செப்டம்பர் மின்கட்டணப்படி இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் ஓடினால் 1,725 ரூபாய். 501 ஓடினால் 1,958. கடைசியாக ஓடிய அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய். கீழ்ப்படிகளில் கிடைத்த சலுகை கைநழுவிப் போவதால் வரும் வித்தியாசம் இது. அதற்கு முந்தைய கட்டணத்தில் பள்ளம் இன்னும் ஆழம்: 1,130-லிருந்து ஒரே தாவலில் 1,786. 2024 ஜூலையில் விலைகள் ஏறின. படிக்கட்டு அதே படிக்கட்டுதான்.

இந்தப் படிக்கட்டு சிக்கனத்தைக் கற்றுத்தருவதாகச் சொல்வார்கள். நான் பார்த்தவரை அது கற்றுத்தருவது, கடைசிப் பத்து நாள் ஏ.சி.யை அணைத்துவைப்பதையும் மாடிக்குத் தனி மீட்டர் வாங்குவதையும்தான். தனி மீட்டர் என்றால் இன்னொரு 100 யூனிட் இலவசம்.

2016 மே மாதம் ஜெயலலிதா கையெழுத்திட்ட அந்த 100 யூனிட் இலவசம் எல்லா வீட்டுக்கும் உண்டு. போட் கிளப் சாலை பங்களாவுக்கும் உண்டு. மயிலாப்பூரில் போர்ஷனில் குடியிருப்பவர்கள் பலருக்குத்தான் அது வந்து சேருவதில்லை. வீட்டுக்காரர் சப்மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே விலையாக வாங்கிக்கொள்கிறார். யாருக்குச் சலுகை மிகவும் தேவையோ, அவர் பெயரில் இணைப்பே இல்லை.

ஃபேன். நிஜமான சிக்கனம் இங்கேதான்; இதைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் தகும். சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட் இழுக்கும். எலக்ட்ரானிக் போர்டு வைத்து ஓடும் பி.எல்.டி.சி. மோட்டார் ஃபேன் 30 வாட்டை ஒட்டி. நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஒரு ஃபேனுக்கு 40 யூனிட் மிச்சம். மூன்று ஃபேனுக்கு 120. 600 யூனிட் ஓடுகிற வீடு 480-க்கு இறங்கிவிடும். அந்த 2022 கட்டணத்தில் பில் 2,750-லிருந்து 1,605. மூன்று ஃபேனுக்கு 9,000 ரூபாய் போட்டாலும் எட்டு பில்லில் முதல் திரும்பிவிடும். காற்று குறையவில்லை, யாரும் புழுங்கிக்கொண்டு தூங்கவில்லை.

ஆனால் அந்த 9,000 ரூபாய் ஒரே நாளில் எங்கிருந்து வரும்? வாடகை வீடு என்றால் அடுத்த வருஷம் காலி செய்யும்போது ஃபேனைக் கழற்றிக்கொண்டு போக வேண்டும். எங்கள் தெரு எலக்ட்ரீஷியன் சொன்னது: "சார், பழைய ஃபேன்னா கண்டன்சர் மாத்தி ஓடவிட்டுடுவேன். இதுல போர்டு போச்சுன்னா கம்பெனிக்காரன்தான் வரணும்." அவர் கடையில் காயில் கட்டக் காத்திருந்த பழைய ஃபேன்கள் சுவரோரம் வரிசையாகச் சாய்ந்திருந்தன. சிவப்பும் கறுப்புமாகப் புதுச் செம்புக் கம்பி சுற்றி, வார்னிஷ் பூசி, மறுபடியும் அதே 75 வாட்டுக்கு அனுப்பிவைப்பார். மின்சிக்கன நட்சத்திர முத்திரை ஒட்டுவது 2023 ஜனவரியிலிருந்து சீலிங் ஃபேன்களுக்குக் கட்டாயம். அது புதிதாக விற்பதற்கு. இந்தச் சுவரோரத்துக்கு எந்தச் சட்டமும் வரவில்லை.

இந்தியாவின் முதல் பி.எல்.டி.சி. சீலிங் ஃபேன் வெளிமாநிலத்திலிருந்து வந்ததல்ல. கோயம்புத்தூரில் வெர்சா டிரைவ்ஸ் நிறுவனம் 2012-ல் 'சூப்பர்ஃபேன்' என்று கொண்டுவந்தது. அதற்கு முந்தைய ஆண்டு, அண்ணா பிறந்தநாளில், வீட்டுக்கு வீடு மிக்சி, கிரைண்டர், ஃபேன் வழங்கும் திட்டத்தை இதே மாநிலம் தொடங்கியிருந்தது. லட்சக்கணக்கில் ஃபேன் வாங்கிய அரசு. குறைந்த மின்சாரத்தில் ஓடும் ஃபேனைச் செய்துகாட்டிய ஊர். இரண்டையும் சேர்த்துவைக்க ஒரு டெண்டர் நிபந்தனை போதுமாயிருந்தது. மொத்தக் கொள்முதலால் என்ன நடக்கும் என்பதை எல்.இ.டி. பல்பில் பின்னால் பார்த்தோம்: 2014 தொடக்கத்தில் 310 ரூபாயாக இருந்த கொள்முதல் விலை, 2016-ல் 38 ரூபாய்.

2012 பிப்ரவரி. சென்னையில் தினமும் மின்வெட்டு, மற்ற மாவட்டங்களில் அதைவிட நீண்ட நேரம். தொழிற்சாலைகளுக்கு 2008-லிருந்தே கட்டுப்பாடு. அந்த நாட்களில் இன்வெர்ட்டர் வாங்கினோம், டீசல் ஊற்றினோம். மிச்சப்படுத்துவதும் ஒரு மின்நிலையம் என்று அப்போது யாரும் உரக்கச் சொல்லவில்லை.

அதைச் சட்டமாகவே போட்ட ஒஹையோ நினைவுக்கு வருகிறது. இரும்பும் கார் உதிரிபாகமும் செய்யும் அமெரிக்க மாநிலம். 2008-ல் அங்கே ஒரு சட்டம்: மின் நிறுவனங்கள் 2025-க்குள் 22 சதவீதம் நுகர்வை மிச்சப்படுத்திக் காட்ட வேண்டும். 2019-ல் இன்னொரு சட்டம் வந்து அதைக் கவிழ்த்தது. பின்னாலிருந்தது மின் நிறுவனத்திடமிருந்து வந்த சுமார் 6 கோடி டாலர் லஞ்சம். அப்போது சட்டமன்றத் தலைவராக இருந்த லாரி ஹவுஸ்ஹோல்டருக்கு 2023-ல் 20 ஆண்டு சிறை.

மக்கள் மிச்சப்படுத்தினால் அங்கே கம்பெனிக்கு விற்பனை குறையும். இங்கே நேர்மாறு. சிறிய, நடுத்தர வீடுகளுக்கு மின் வாரியம் அடக்கவிலைக்கும் கீழேதான் விற்கிறது; குறையும் ஒவ்வொரு யூனிட்டும் வாரியத்துக்கோ அரசுக்கோ மிச்சம். தடுக்க ஆளில்லாத இடத்தில்கூட நாம் இதைச் செய்யாமலிருப்பது எனக்கு ஆறவில்லை.

தி.நகர், உஸ்மான் சாலை, மாலை ஏழு மணி. ஜவுளிக்கடை வாசல் கதவு திறந்தே கிடக்கிறது. நடைபாதையில் போகிறவர் கணுக்காலில் ஏ.சி. குளிர் படுகிறது. மாலை உச்ச நேரத்தில் உயரழுத்தத் தொழிற்சாலைக்கு 25 சதவீதம் கூடுதல் கட்டணம் போடுகிறோம். அந்தக் கதவை மூடச் சொல்ல ஒரு விதி வேண்டாமா? 2024 மே 2-ஆம் தேதி மாநிலத்தின் உச்சத் தேவை 20,830 மெகாவாட்.

அறை ஏ.சி. ஆன் ஆகும்போது 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்பது 2020 ஜனவரியிலிருந்து விதி. நல்ல விதி. யாரையும் கெஞ்சாமல் வேலை செய்கிறது.

பத்து வீடு வரை, மூன்று மாடி வரை உள்ள, லிஃப்ட் இல்லாத குடியிருப்புகளுக்குப் பொது மீட்டர் கட்டணத்தை 2023 அக்டோபரில் 5.50 ரூபாயாகக் குறைத்தார்கள். வரவேற்கிறேன். ஆனால் நிரம்பி வழிந்த பிறகும் மோட்டார் ஓடுகிற தொட்டிகள் அடையாறில் ஏராளம். தானாக நிறுத்தும் கருவி இருந்தால்தான் சலுகை என்று ஒரு வரி சேர்த்திருக்கலாம்.

2022 ஆகஸ்டில் கலைவாணர் அரங்கில் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கருத்துக் கேட்டபோது பேச்செல்லாம் கட்டண உயர்வைச் சுற்றியே இருந்தது. அடுத்த முறைக்கு எழுதிக்கொடுக்க வேண்டியது: பழைய ஃபேனை மின் வாரியப் பிரிவு அலுவலகத்தில் கொடுத்துப் புதியதை எடுத்துக்கொள்ளலாம், விலையை எட்டு பில்லில் தவணையாகப் பிடித்துக்கொள்ளட்டும், போர்டு பழுதுபார்க்கத் தெரு எலக்ட்ரீஷியன்களுக்குப் பயிற்சியும் உதிரிபாகமும், வாடகைதாரருக்கு வீட்டுக்காரர் கையெழுத்து தேவையில்லை.