பதினெட்டும் பதினெட்டும்

தென்னமெரிக்கக் கண்டத்தின் வடகரைக்கு அருகே, வெனிசுவேலா நாட்டிலிருந்து சில மைல் கடலுக்கு அப்பால், டிரினிடாட் என்னும் தீவு இருக்கிறது. அதன் வடகிழக்கே சிறு தங்கைபோல டொபாகோ. இரண்டும் சேர்ந்து 1962-இல் சுதந்திரம் பெற்ற ஒரே நாடு.

1845 முதல் 1917 வரை நம் நாட்டார் பலர் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக அங்குச் சென்றனர். பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பலேறியவர். சென்னையில் ஏறியவரும் உண்டு. அவர்தம் சந்ததியாரும், முன்னர் அடிமைகளாகக் கொணரப்பட்ட ஆப்பிரிக்கரின் சந்ததியாரும் இன்று ஏறக்குறையச் சம எண்ணிக்கையினர். ஐக்கிய தேசிய காங்கிரசுக்கு இந்திய வமிசத்தாரும், மக்கள் தேசிய இயக்கத்துக்கு ஆப்பிரிக்க வமிசத்தாரும் பெரும்பாலும் துணை நிற்பர்.

2001 டிசம்பர் 10-ஆம் நாள் அங்குப் பொதுத் தேர்தல் நடந்தது. ஸ்தானங்கள் 36. எண்ணி முடித்தபோது காங்கிரசுக்கு 18, இயக்கத்துக்கும் 18! ஒற்றைத் தண்டவாளத்தில் எதிரெதிரே வந்து நின்ற இரு வண்டிகளின் நிலைதான். எந்த வண்டி பின்வாங்குவது?

ஜனாதிபதி ராபின்சன் முடிவு செய்யட்டும் என்று இரு தலைவர்களும் இசைந்தனர். டிசம்பர் 24 அன்று அவர் இயக்கத்தின் தலைவர் மானிங்கைப் பிரதம மந்திரியாக நியமித்தார். அதுவரை அப்பதவியிலிருந்த பாண்டே இம்முடிவை ஏற்கவில்லை.

தலைநகராம் போர்ட் ஆப் ஸ்பெயினில், செந்நிறம் பூசிய 'ரெட் ஹவுஸ்' மாளிகையில் 2002 ஏப்ரலில் சபை கூடிற்று. சபாநாயகரைத் தேர்ந்தெடுப்பதே முதற் காரியம். அதுவும் நிறைவேறவில்லை. ஆகஸ்டில் மீண்டும் கூடினர். மீண்டும் அதே கதை. சபாநாயகர் இல்லையேல் சட்டமில்லை. மந்திரிகள் இருந்தும் பார்லிமெண்டு இல்லை. சபை கலைந்தது. அக்டோபர் 7-இல் மறு தேர்தல் நடந்து, இயக்கம் 20, காங்கிரஸ் 16 என முடிவாயிற்று. 2000 டிசம்பர் தேர்தலையும் சேர்த்து, இரண்டு ஆண்டுகளுக்குள் மூன்று தேர்தல்கள்!

இத்தனைக்கும் இடையே அந்நாட்டுக் கார்னிவல் திருவிழா வழக்கம்போல் நடந்தேறியது. ஜனங்கள் சினந்தனர், ஆனால் அடுத்த வாக்குச் சீட்டுக்காகக் காத்திருந்தனர். 2007 தேர்தல் முதல் ஸ்தானங்கள் 41 ஆயின. ஒற்றைப்படை எண் கணக்கின் சிக்கலைத் தீர்த்தது. மனத்தின் பிளவை எந்த எண் தீர்க்கும்?

வமிசம் பார்த்து வாக்களிக்கும் தொகுதிகளின் முடிவு முன்னரே தெரிந்ததுதான். இரு வமிசத்தாரும் கலந்து வாழும் சில தொகுதிகளே அங்கு அரசை ஆக்குவன, அழிப்பன. பிறந்த ஊர் விட்டுப் பிற ஊரில் வாழும் நாம் இதனை எண்ணிப் பார்த்தல் நன்று. குடியேறிய மண்ணில் வாக்குரிமை பெறுதல் பெரிது. இன்னார் மகன் என்று பாராது அதனை இடுதல் அதனினும் பெரிது.