கேள்வி கேட்காத வாசகர்

1494-ஆம் ஆண்டு வெனிஸ் நகரில், லூக்கா பச்சோலி என்னும் பிரான்சிஸ்கன் துறவி, இரட்டைப் பதிவுக் கணக்கு முறையை அச்சு நூலில் விரிவாக விளக்கினார். அவர் எழுதியது மனிதருக்காக. இன்று தியாகராய நகரில் ஒரு கணக்கு மென்பொருளுக்கு நாங்கள் எழுதும் விளக்கக் குறிப்புகளையோ, செயற்கை நுண்ணறிவு முகவர் நிரல்களே படிக்கின்றன.

மயிலாப்பூர்க் கடையொன்றின் கணக்குப்பிள்ளை, ஐயம் எழுந்தால் முதலாளியிடம் கேட்பார். முகவர் நிரலோ, எழுதப்பட்டதை நம்பும். எழுதப்படாததைத் தானே ஊகித்துக்கொள்ளவும் கூடும். பணம் செலுத்தும் கட்டளைக்கு மறுமொழி வராவிட்டால் மீண்டும் அனுப்பலாமா? இதற்கொரு வரி விடுபட்டாலும் சிறு வணிகர் ஒருவரின் பணம் இருமுறை போய்விடலாம். எனவே, முதலில் பதிவைச் சரிபார்க்கவும், பெருந்தொகையெனில் மனிதரின் ஒப்புதலைப் பெறவும் எழுதி வைக்கிறோம். பிழையை அழிக்காமல் எதிர்ப்பதிவால் திருத்த வேண்டும் என்பதையும் சேர்க்கிறோம். நிறுவனங்களின் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு மாற்றத்தின் தடமும் பதிவாக வேண்டும் என்பது 2023 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டின் விதி.

தடம் இருந்தாலும் பதில் சொல்ல ஒருவர் வேண்டுமல்லவா? நிரலுக்கு மனச்சான்று இல்லை. அது படிக்கும் வரிகளுக்குக் கணக்கு ஒப்புவிக்க வேண்டியவர்கள் அவற்றை எழுதும் நாங்களே.