பொன்முடிக்கு மேலே எத்தனை அடி?

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரை, கல்லாறு வழியாகப் பொன்முடிக்கு ஏறுகிறவர்களுக்கு உயரம் தெரியாமல் போக வழியே இல்லை. 22 கொண்டை ஊசி வளைவுகளும் எண் பலகையோடு நிற்கின்றன. காது அடைக்கிறது, தேயிலை தென்படுகிறது, பிறகு மூடுபனி. சாலையில் சுமார் 60 கிலோமீட்டர். கடலோர விமான நிலையத்திலிருந்து கிளம்பும் செஸ்னா போன்ற பயிற்சி விமானத்துக்கோ நேர்கோட்டில் 40 கிலோமீட்டருக்குள்தான். 100 நாட் வேகத்தில் கால் மணி நேரம்கூட ஆகாது. அதற்குள் தரை சுமார் 3,600 அடிக்கு எழும்பிவிடுகிறது. தென்கிழக்கே அகத்தியர்கூடம் 6,100 அடியைத் தாண்டி நிற்கிறது. விமானிக்கு எண் பலகை கிடையாது. இருப்பதெல்லாம் ஒரு முள்ளும் காதில் ஒரு குரலும். இந்த இரண்டில் குரலைத்தான் முதலில் கேள்வி கேட்க வேண்டும் என்பது என் கட்சி.

காரணம் எளிது. ஆல்டிமீட்டர் அளப்பது காற்றழுத்தத்தை. அன்றைய அழுத்தம் எவ்வளவு என்று கட்டுப்பாட்டாளர் சொல்ல, விமானி அந்த எண்ணைத் திருகி வைத்தால்தான் முள் காட்டும் அடிக்கு அர்த்தம் உண்டு. 1009 ஹெக்டோபாஸ்கல் என்று சொன்னது இரைச்சலில் 1019 என்று காதில் விழுந்தால், முள் கிட்டத்தட்ட 300 அடி கூடுதலாகக் காட்டும். மலைமுகடு வெள்ளையாக மறைந்திருக்கும் நாளில் அந்த 300 அடிதான் உயிர். ஆக, முள்ளும் குரலை நம்பித்தான் நிற்கிறது. அதனால்தான் உயரத்தையும் அழுத்த எண்ணையும் விமானி வாய்விட்டுத் திருப்பிச் சொல்ல வேண்டும், கட்டுப்பாட்டாளர் அதைக் காதுகொடுத்துச் சரிபார்க்க வேண்டும் என்று சர்வதேச விதி இருக்கிறது. பலரும் முதல் பாதியை மட்டும் சடங்காகச் செய்துவிட்டுப் போகிறார்கள் என்பதற்குச் சான்று நம் பக்கத்திலேயே உண்டு.

1989 பிப்ரவரி 19. சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்குப் போன ஃப்ளையிங் டைகர் சரக்கு விமானத்துக்கு, 2,400 அடிக்கு இறங்கும்படி சுபாங் கட்டுப்பாட்டாளர் சொன்னார். ‘டூ ஃபோர் ஜீரோ ஜீரோ’ என்பது அவர் சொன்ன எண். முதலில் வந்த ‘டூ’ எண்ணா, ‘இந்த உயரத்துக்கு’ என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லா? விமானி பின்னதாக எடுத்துக்கொண்டார். ‘ஓகே, ஃபோர் ஜீரோ ஜீரோ’ என்று திருப்பியும் சொன்னார். தவறு அப்போதே வெளியே வந்துவிட்டது, பிடிக்கத்தான் ஆளில்லை. விமானம் 437 அடி உயரத்தில் பூச்சோங் அருகே மலைச்சரிவில் மோதியது. நால்வர் இறந்தார்கள். எண்ணுக்கு முன்னால் ‘ஆல்டிட்யூட்’ என்று ஒரு சொல் கூடியிருந்தால் குழப்பத்துக்கு இடமே இருந்திருக்காது.

இனி இதெல்லாம் பழங்கதை, ஜிபிஎஸ்ஸும் தரை எச்சரிக்கைக் கருவியும் வந்துவிட்டன என்பார்கள். அந்த போயிங் 747-லும் எச்சரிக்கைக் கருவி இருந்தது, கத்தவும் செய்தது. தவறான எண்ணைச் சரியென்று நம்பிவிட்ட மனிதருக்குக் கருவியின் கூச்சல் உறைக்க நேரம் பிடிக்கிறது. ரேடார் பார்த்துக்கொள்ளும் என்பது இன்னொரு வாதம். 1996 நவம்பர் 12 அன்று சர்க்கி தாத்ரிக்கு மேலே சவூதி, கசாக் விமானங்கள் மோதி 349 பேர் இறந்தபோது, டெல்லி ரேடார் உயரத்தைக் காட்டவில்லை. கட்டுப்பாட்டாளரிடம் இருந்தது விமானத்திலிருந்து வந்த வாய்ச்சொல் மட்டுமே. 15,000 அடியில் நிற்க வேண்டிய கசாக் விமானம் அதற்குக் கீழே இறங்கியிருந்தது. அதன்பின் ரேடார்கள் மாறின, உண்மைதான். ஆனால் ரேடாரும் விமான ரேடியோவும் நேர்கோட்டில் செல்பவை; மலைக்குப் பின்னால் தாழப் பறக்கும் சிறு விமானம் இரண்டுக்கும் எட்டாது. பொன்முடி உச்சியில் போலீஸ் வயர்லெஸ் நிலையம் வைத்திருப்பது சும்மா அல்ல. கேட்க வேண்டியதை முகட்டைத் தாண்டும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

ஆளாளுக்குக் கேள்வி கேட்டால் அலைவரிசை அடைத்துக்கொள்ளாதா? இந்த ஆட்சேபத்தில் நியாயம் இருக்கிறது. ஒரே அலைவரிசையில் பெரிய விமானங்களும் காத்திருக்கின்றன. மாணவரின் வளவளப்பு ஆபத்துதான். ஆனாலும் ‘மறுபடி சொல்லுங்கள்’ என்பது ஒரு மூச்சில் முடிகிற பேச்சு. பெரும்பாலும் அதைத் தடுப்பது நெரிசலல்ல, கூச்சம். பெரிய விமான நிலையத்தில் சின்ன விமானத்துக்காரனுக்கு வரும் கூச்சம். அதிலும், கண்ணால் பார்த்துப் பறக்கும் விமானத்தை மலையில் மோதாமல் காப்பது விமானியின் பொறுப்பே தவிர, கட்டுப்பாட்டாளருடையது அல்ல.

எனவே பயிற்சிப் பள்ளிகளுக்கு ஒரு வேண்டுகோள். திருப்பிச் சொல்லக் கற்றுக்கொடுப்பதோடு நிறுத்தாதீர்கள். வகுப்பறை ஒத்திகையில் பொன்முடியை நோக்கிப் போகும் மாணவருக்கு வேண்டுமென்றே 2,600 அடி என்று சொல்லுங்கள். பணிவாக ஏற்றுக்கொள்கிறவருக்கு மதிப்பெண் கொடுக்காதீர்கள்.